மூன்று வினாடி விளக்கு

நெருப்பு, சக்கரம், மூன்று வினாடி தாமதமாக எரியும் விளக்கு ஆகிய மூன்றும்தான் மனித குலத்தைக் கரையேற்றிய கண்டுபிடிப்புகள். மின்ஸ்க் நகரத்தில் இதை யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் அவர் போட்டிக் கம்பெனிக்காரர் என்று அர்த்தம். முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் பெயர் போட்டுக்கொள்ளத் தவறிவிட்டார்கள். மூன்றாவது, ஓர் ஆறாம் மாடியில், கசிமிர் அதாமவிச் அவர்களின் தலைமையில் சீரும் சிறப்புமாக நடந்துவந்த 'தென்படுதல் மற்றும் சேதாரப் பிரிவில்' உருவானது.

அந்தப் பிரிவில் வேலை பார்க்கும் பேறு பெற்றவர்களில் ஒருவன் ரதிவோன்.

பேறு என்று சும்மா சொல்லவில்லை. மாலையானால் பிரெஸ்ட் முதல் விளாதிவஸ்தோக் வரைக்கும் சாப்பிட்டு முடித்த ஆண்களில் பாதிப்பேர் கணினி முன் உட்கார்ந்து 'எஃகுக் களம்' என்ற விளையாட்டில் டாங்கி ஓட்டுவார்கள். பல் மருத்துவர் ஓட்டுவார், பஸ் டிரைவர் ஓட்டுவார், பாதிரியாரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓட்டுவார். அந்த லட்சக்கணக்கான டாங்கிகளில் எது எதன் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தபின் அடித்தால் எவ்வளவு சேதம் என்ற இரண்டு விஷயங்களையும் தீர்மானிப்பது இந்தப் பிரிவு. கடவுள் மனிதர்கள் விஷயத்தில் இவ்விரண்டையும் கொஞ்சம் தெளிவில்லாமல் விட்டுவிட்டார். கசிமிர் அதாமவிச் தசமப் புள்ளி வைத்துச் சரிசெய்தார்.

புதர்கள் ரதிவோன் பொறுப்பில் இருந்தன. களத்தில் உள்ள ஒவ்வொரு புதரும் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. லைலாக் இவ்வளவு, ஹேசல் இவ்வளவு என்று அவன்தான் எண் கொடுப்பான். அவன் அனுமதி இல்லாமல் ஒரு புல் கூட எதையும் மறைக்க முடியாது. இது எல்லாருக்கும் தெரியும், வாசல் காவலர் உள்பட. அவர் காலையில் அவனைக் கண்டால் "என்ன புதரய்யா, சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்.

விளையாட்டின் சட்டம் எளிது. புதருக்குள் அசையாமல் நிற்கும் டாங்கி தெரியாது. ஐம்பது டன் இரும்பாக, ஒரு வீடு அளவுக்கு இருந்தாலும் பரவாயில்லை, தெரியாது. அசைந்தால் கொஞ்சம் தெரியும். சுட்டால் நன்றாகத் தெரியும். ஆனால் ஐம்பது மீட்டருக்குள் வந்துவிட்டால் எந்தப் புதரும் உதவாது. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவன்கூடத் தெரிந்துவிடுவான். இந்தக் கடைசி விதியை எழுதியவன் ரதிவோன். 'பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கவில்லை என்று எவனும் சொல்லக்கூடாது' என்று அதற்குக் காரணமும் எழுதியிருந்தான். அவன் எழுதியவற்றில் அவனுக்கே பிடித்த வரி அது.

எதிரி உன்னைப் பார்த்துவிட்டால் உன் திரையில் ஒரு விளக்கு எரியும். உடனே எரியாது, மூன்று வினாடி கழித்து எரியும். ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டவர்களுக்கு, வாழ்க்கையிலும் நமக்கு எல்லாம் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது என்று பிரிவு பதில் சொன்னது.

சேதாரமும் அதுபோலத்தான். குண்டின் பலத்தில் கால் பங்கு கூடலாம், கால் பங்கு குறையலாம், அது அதிர்ஷ்டம். சாய்வான இரும்பில் பட்டால் குண்டு தெறித்துப் பக்கத்து ஆளிடம் போய்விடும். சில சமயம் நெஞ்சில் நேராகப் படும், "பட்டது" என்று குரலும் கேட்கும், சேதம் மட்டும் பூஜ்யம். இந்த மூன்றாவது வகைதான் மக்களை வயிறெரிய வைத்தது. புகார்களுக்குப் பதில் எழுதுவதும் ரதிவோன் வேலை என்பதால் அந்த வயிற்றெரிச்சல் முழுக்க அவன் மேசைக்கு வந்தது. கரகந்தாவில் கிரேன் ஓட்டும் ஒருவர் வாரம் தவறாமல் எழுதுவார்.

"நேரா பாத்தேன். நேரா சுட்டேன். பட்டுருச்சுன்னு உங்க ஆளே சொல்றான். அவன் மேல ஒரு கீறல் இல்ல. நெசத்துல இப்படி எங்கயாவது நடக்குமா? நடக்கும்னா எங்கன்னு சொல்லுங்க, நான் போய்ப் பாத்துக்கறேன்."

"மதிப்புக்குரிய தளபதி, தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். கவசத்தின் கோணத்தைக் கவனிக்கவும்" என்று ரதிவோன் வாரம் தவறாமல் பதில் போடுவான்.

*

அலுவலகத்தில் தினமும் காலையில் 'ஐந்து நிமிடக் கூட்டம்' நடக்கும். அது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கும். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான் கசிமிர் அதாமவிச் தம் பெரிய யோசனையை வெளியிட்டார்.

"மேலிடத்துலேர்ந்து கேக்கறாங்க, உங்க ஆளுங்க வேல செய்யறாங்களான்னு. எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்கறப்ப செய்யறாங்க. பாக்காதப்ப?" என்று சுற்றிலும் பார்த்தார். "வெளையாட்டுல நல்லா ஓடற விதி அலுவலகத்துல ஓடாதா? ஒவ்வொரு மேசையிலயும் ஒரு விளக்கு. எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. நான் யாரப் பாக்கறேனோ அவங்க விளக்கு எரியணும்."

"உடனேயாங்க?" என்றான் தம்யான். இவன் ரதிவோனுக்கு அடுத்த மேசைக்காரன். குண்டு தெறிக்கும் கோணங்களுக்குப் பொறுப்பு.

"மூணு வினாடி கழிச்சு. நமக்குன்னு ஒரு பாரம்பரியம் இருக்குல்ல."

யாத்விகா கையைத் தூக்கினாள். விளையாட்டில் எரியும் விளக்கைச் செய்தவள் அவள்தான். கூட்டங்களில் கையைத் தூக்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது.

"கசிமிர் அதாமவிச், நீங்க பாத்தா விளக்கு எரியும், சரி. எரியலன்னா நீங்க பாக்கலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமே. அப்ப யாரு வேல செய்வா?"

தலைவர் யோசித்தார். "அவங்க வேல செய்யலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாப்பேனே."

"நீ பாத்தா விளக்கு எரியாது. கண்ணாடி என்கிட்ட இருக்கு. அப்ப நீ பாத்தது கணக்குல வராது."

இந்தத் தர்க்கத்துக்கு முன் நிற்க யாராலும் முடியவில்லை. யாத்விகாவே கண்ணாடியையும் விளக்குகளையும் செய்து தந்தாள். சமத்துவம் வேண்டும் என்பதற்காகத் தலைவர் தம் மேசையிலும் ஒரு விளக்கு வைக்கச் சொன்னார். அவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் வழக்கம் இல்லாததால் அது ஒருநாளும் எரியவில்லை.

விளைவு அபாரமாக இருந்தது. முதல் வாரத்தில் விளக்குகள் படபடவென்று எரிந்தன. இரண்டாவது வாரத்தில் ஊழியர்கள் தங்கள் தொழிலறிவைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கமரோவ்கா சந்தையில் தொட்டிச் செடி வாங்கப் போன ஒரு கணக்குப்பிள்ளையம்மாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபைகஸ் எல்லாம் ஆறாம் மாடிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ரதிவோன் மட்டும் மூன்று வைத்திருந்தான். புதர்த்துறை அதிகாரி ஒற்றைச் செடியோடு உட்காருவது பார்க்க நன்றாக இருக்காது அல்லவா?

யாரும் நடமாடுவதில்லை, ஏனென்றால் அசைபவன் தெரிவான். தட்டச்சு செய்வதில்லை, ஏனென்றால் தட்டுவது சுடுவதற்குச் சமம். பூட்ஸைக் கழற்றிவிட்டு எல்லாரும் கம்பளிச் செருப்புக்கு மாறினார்கள். தம்யான் ஒருபடி மேலே போனான். புதருக்குப் பதினைந்து மீட்டர் பின்னால் நின்று சுட்டால் புதர் காட்டிக்கொடுக்காது என்று விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஆறாம் மாடியின் அகலம் அவ்வளவு இல்லை. எனவே அவன் ஃபைகஸை மேசையில் விட்டுவிட்டு, நீள ஒயர் போட்டு, விசைப்பலகையோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்து வேலை செய்தான். கீழிருந்து வருகிறவர்கள் அவனைத் தாண்டிக் குதித்துப் போனார்கள்.

கூட்டத்தில் உட்காரும் முறையும் மாறியது. நேராக உட்கார்ந்தவன் மேல் திட்டு நேராக விழும். உடம்பை ஒரு கோணத்தில் சாய்த்து, ஒரு தோளை மட்டும் தலைவருக்குக் காட்டி உட்கார்ந்தால், அதே திட்டு தெறித்து அடுத்தவன் மேல் போகும். தம்யான் கோணம் கணக்கிட்டு எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். சில நாள் ஒரே திட்டு அறை முழுக்கத் தெறித்துச் சுற்றி, கடைசியில் ஜன்னல் வழியாக வெளியேறியது. நேராக உட்கார்ந்தவள் யாத்விகா ஒருத்திதான். அவளுக்கு முதுகுவலி, சாய முடியாது.

மூன்றாவது வாரம் ஒரு விளக்கும் எரியவில்லை. "பாத்தீங்களா ஒழுங்க?" என்று தலைவர் மனம் உருகிப் போனார்.

அந்த உருக்கத்தில் நடைக்கூடத்துக் 'கௌரவப் பலகையில்' சிறந்த ஊழியரின் படத்தை மாட்ட ஏற்பாடானது. மறைவுத் திறனுக்கான முதல் கௌரவம் ரதிவோனுக்குக் கிடைத்தது. படம் எடுக்க வந்தவர் அவனை எங்கு தேடியும் காணாமல், மேசையில் இருந்ததைப் படம் பிடித்துக்கொண்டு போனார். இன்றும் அந்தப் பலகையில் டிராக்டர் தொழிற்சாலை விழாவில் பதக்கம் வாங்கிய எங்கள் துணைத் தலைவருக்கும், மூத்த கணக்காளருக்கும் நடுவே ஒரு ஃபைகஸ் செடி கம்பீரமாக நிற்கிறது. கீழே ரதிவோனின் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு.

"நல்லா வந்துருக்கு. பழைய படத்துல கொஞ்சம் இளைச்சாப்ல தெரிஞ்ச" என்றாள் யாத்விகா.

*

இவ்வளவு பெருமைக்கும் நடுவில் ஒரு சிறு சங்கடம் இருந்தது. விளையாட்டுக்கு வசந்தகாலப் புதுப்பிப்பு அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. அதாவது யாராவது கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும்.

தலைவர் பல் மருத்துவரிடம் போன ஒரு மதியம், பிரிவு முழுக்க அரக்கப்பரக்க வேலை பார்த்தது. அவர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அசையாமல் உட்கார வேண்டும் அல்லவா? ரதிவோன் புதர்களுக்கு எண் போட்டான். அப்படியே 'காட்டெருமை' என்ற புது டாங்கிக்கும் எண் போட்டான். தொண்ணூறு டன் எடை, நகர்ந்தால் தெருவே அதிரும். மாடிப்படியில் தம்யான் "வர்றாரு, வர்றாரு" என்று கிசுகிசுத்த பதற்றத்தில், காட்டெருமையின் எண்ணை டாங்கிகளின் வரிசையில் போடுவதற்குப் பதில் ஹேசல் புதருக்கு நேராகப் போட்டுவிட்டான்.

அன்று மாலை முதல் காட்டெருமை விளையாட்டின் கண்ணில் ஒரு புதர். அதை யாராலும் பார்க்க முடியவில்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். புதர் என்றால் மறைப்பது அதன் கடமை. எனவே மற்ற டாங்கிகள் அதன் பின்னால் போய் ஒளிந்தன. தன் கட்சி ஒளிந்தது, எதிர்க்கட்சியும் ஒளிந்தது. எல்லாரும் வசதியாக ஒளிந்த பிறகு புதர் மெதுவாகத் திரும்பிச் சுட்டது.

புகார்கள் கொட்டின. ஹ்ரோத்னாவிலிருந்து ஒரு பாதிரியார், 'புதர் பேசியதாக வேதத்தில் படித்திருக்கிறேன், சுட்டதாக இல்லை' என்று எழுதியிருந்தார். கரகந்தா கிரேன்காரர் மூன்றே சொல் எழுதினார்: "புதர் கொன்னுருச்சு. விளக்கவும்."

யாத்விகாதான் கண்டுபிடித்தாள். எல்லாரும் வீட்டுக்குப் போனபின் தனியாக இருந்து தேடி, எண்ணை உரிய இடத்தில் வைத்தாள். மறுநாள் மதியம் சமையலறையில் ரதிவோனைப் பிடித்தாள். டப்பாவில் திரானிக்கி என்ற உருளைக்கிழங்கு அடை கொண்டுவந்திருந்தாள். எப்போதும்போல் பாதியை அவன் தட்டில் வைத்து, மேலே புளித்த பாலாடையும் ஊற்றினாள்.

"ரதிக், காட்டெருமை உன் வேலதானே?"

ரதிவோன் சுற்றுமுற்றும் பார்த்தான். சமையலறையில் செடி எதுவும் இல்லை. "மெதுவா பேசு."

"நான் சரி பண்ணிட்டேன். நாளைக்குக் கூட்டத்துல நீயே சொல்லிரு. 'அவசரத்துல போட்டுட்டேன்'னு ஒரு வார்த்த. திட்டுவாரு. அதோட போயிரும்."

"கௌரவப் பலகையில இப்பதான் படம் மாட்டியிருக்காங்க, யாத்யா."

"அது செடி படம்டா. செடிய ஒண்ணும் பண்ண மாட்டாங்க." அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இங்க பாரு, யாராவது ஒருத்தர் பேர் வேணும்னு மேலிடத்துல கேட்டுட்டாங்க. நீ சொல்லலன்னா யார் மேல விழும்னு தெரியாது. எனக்கு விடுதி ரூம் இந்த வேலையோட சேந்தது. நாலு வருஷம் வரிசையில நின்னு வாங்கினது, அம்மாவையும் இப்பதான் கூட்டிட்டு வந்துருக்கேன். எல்லாருக்கும் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். அதனால நீ சொல்லிரு, சரியா?"

"சொல்றேன்" என்றான் ரதிவோன். மனதாரத்தான் சொன்னான். திரானிக்கி சூடாக இருந்தது.

*

மறுநாள் ஐந்து நிமிடக் கூட்டம் ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டியபோது தலைவர் விஷயத்துக்கு வந்தார்.

"காட்டெருமைய யாரு புதராக்கினது?"

புதர்கள் யார் பொறுப்பு என்பது காவலருக்கே தெரியும் என்று முன்பே சொன்னேன். தலைவருக்கும் தெரியும், அவர்தான் பொறுப்பைக் கொடுத்தவர். ஆனால் 'தெரிவது' வேறு, 'தென்படுவது' வேறு. தென்படுவதற்கு முறைப்படி யாராவது அசைய வேண்டும் அல்லது சுட வேண்டும். பிரிவு முழுக்க அசையாமல் இருந்தது. ரதிவோன் உதட்டைத் திறந்தான். திறந்ததே ஓர் அசைவு என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான். வலது தோளைத் தலைவருக்குக் காட்டி மெல்லச் சாய்ந்தான்.

யாத்விகா அவனைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். பிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாரு பண்ணினா என்னங்க, அத நான் சரி பண்ணிட்டேன். எண் தப்பான வரிசையில இருந்துச்சு. ஆட்டக்காரங்களுக்கு மன்னிப்பு கேட்டு எழுதிட்டா முடிஞ்சிரும்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. கண்ணாடியும் திரும்பியது. மூன்று வினாடி கழித்து அவள் விளக்கு எரிந்தது.

"எந்த வரிசையில இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர்.

"தேடினேன்."

"மத்தவங்க தேடலயே. எங்க இருக்குன்னு தெரியாம ஒருத்தரு ஏன் தேடணும்?"

"தெரியாததாலதானே தேடுவாங்க."

"தெரியாம தேடினா கெடைக்குமா? எனக்கு மூணு வருஷமா வீட்டுச் சாவி கெடைக்கல." அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "நீயே சொல்லு, யாத்விகா. உன்னைத் தவிர இந்த ரூம்ல யாராவது அந்த எண்ணத் தொட்டத நான் பாத்தேனா?"

"நீங்க பல்லு புடுங்கப் போயிருந்தீங்க."

"அதான் சொல்றேன். பாக்கல."

அவள் ரதிவோன் பக்கம் திரும்பி, "ரதிக்" என்று மட்டும் சொன்னாள். நேராகச் சொன்னாள், நேராகத்தான் வந்தது. ஆனால் தம்யான் கற்றுக்கொடுத்த கோணம் பிழையற்றது. அது ரதிவோனின் தோளில் பட்டுத் தம்யானிடம் போக, தம்யான் அதை ஃபைகஸ் பக்கம் திருப்பிவிட்டான். ஃபைகஸ் ஒன்றும் சொல்லவில்லை.

தண்டனையில் பாரபட்சம் இருக்கக்கூடாது என்பதால் சேதாரச் சூத்திரத்தையே பயன்படுத்தினார்கள். அடிப்படை அளவு: ஒரு கண்டனம். அதிர்ஷ்டத்தைப் பொறுத்துக் கால் பங்கு கூடும் அல்லது குறையும். கணினி பகடை உருட்டியது. கால் பங்கு கூடிவிட்டது. ஒன்றேகால் கண்டனம் என்று தொழிலாளர் சட்டத்தில் ஏதும் இல்லை என்று சட்டப்பிரிவு சொன்னது. இருப்பதில் கண்டனத்தைவிடப் பெரியது எது என்று தலைவர் கேட்டார். பணிநீக்கம் என்றார்கள்.

"சூத்திரம் சொல்றத நான் எப்படி மாத்த முடியும்?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. பல் பிடுங்கிய இடம் இன்னும் வலித்தது.

*

வெள்ளிக்கிழமை யாத்விகா கேக் வாங்கி வந்தாள். விடைபெறுகிறவர் விருந்து வைப்பது எங்கள் வழக்கம்; எதற்காக விடைபெறுகிறார் என்று வழக்கம் கேட்பதில்லை. செடிகளுக்குப் பின்னாலிருந்து கைகள் நீண்டு துண்டுகளை வாங்கிக்கொண்டன. கேக் நன்றாக இருந்தது. ரதிவோன் இரண்டு துண்டு சாப்பிட்டான், இரண்டும் இறங்கவில்லை, அதற்காக மூன்றாவது எடுத்தான்.

"ரூம் எப்ப காலி பண்ணணும்?" என்று தம்யான் தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"திங்கக்கிழமை. ஆர்ஷாவுக்கே போறோம், அம்மாவோட தங்கச்சி வீட்டுக்கு." அவள் தன் பெட்டியைக் கட்டினாள்: ஒரு கோப்பை, ஒரு சால்வை, கம்பளிச் செருப்பு. "கண்ணாடிய சோதிச்சு ஒப்படைக்கணும்னு எழுதியிருக்காங்க. குடுங்க, கசிமிர் அதாமவிச்."

தலைவர் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் சற்றுச் சிறியதாகத் தெரிந்தது.

"சரி, கெளம்பறதுக்கு முன்னாடி உக்காருவோம்" என்றாள் யாத்விகா.

இதுவும் வழக்கம். தூரப் பயணம் போகிறவர் வாசலைத் தாண்டுமுன் எல்லாரும் ஒரு கணம் உட்கார வேண்டும், பேசக்கூடாது, பிறகு எழுந்து வழியனுப்ப வேண்டும். இப்படி உட்காராமல் போனால் பயணம் உருப்படாது என்பார்கள். மூட்டை கட்டிய ரயில் பயணிகள் முதல் விண்வெளிக்குப் போகிறவர்கள் வரை இதைச் செய்வார்கள். ஆறாம் மாடி உட்கார்ந்தது. உட்கார்ந்து அசையாமல் இருப்பதில் இந்தப் பிரிவை மிஞ்ச எவருமில்லை.

அந்த அமைதியில் ஒருவன் ஒரு வார்த்தை சொல்ல எல்லா வசதியும் இருந்தது. சத்தமில்லை. மேலிடம் இல்லை. தலைவர் கையில் கண்ணாடி இல்லை. அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், பெட்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ரதிவோன் நிஜமாகவே நினைத்தான். ஆனால் உட்காரும்போது பேசக்கூடாது என்பது வழக்கம். முன்னோர் வழக்கத்தை மீற அவன் யார்?

யாத்விகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாசல் பக்கத்தில் ஆரம்பித்து ஜன்னல் வரைக்கும், ஒருவரையும் விடாமல் பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று.

வாசலருகே முதல் விளக்கு எரிந்தது. பிறகு அடுத்தது. பிறகு வரிசையாக எல்லாம். தம்யானுடையது எரிந்தது. மூன்று ஃபைகஸையும் தாண்டி ரதிவோனுடையது எரிந்தது. கடைசியில், பொருத்திய நாளிலிருந்து ஒருமுறையும் எரியாத தலைவரின் விளக்கும் எரிந்தது. அவர் அதை யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.

"எல்லாம் நல்லா வேல செய்யுது" என்றாள் யாத்விகா. எழுந்து பெட்டியை எடுத்தாள். "அம்பது மீட்டருக்குள்ள எந்தப் புதரும் மறைக்காது. நல்ல விதி அது, ரதிக். நீதான் எழுதின."

கண்ணாடியைக் கழற்றிக் கேக் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் ஆறு மாடிக்கும் கேட்டது. அவள் ஒருத்திதான் பூட்ஸ் போட்டிருந்தாள்.

கண்ணாடி ரதிவோனின் மேசையைப் பார்த்தபடி கிடந்தது. மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவனுடையது அணையவில்லை. அதை எப்படி அணைப்பது என்று தெரிந்தவள் அப்போது டிராலி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். யாராவது எழுந்து கண்ணாடியைத் திருப்பி வைத்தால் போதும். ஆனால் எழுந்தால் தெரிவோம், திருப்பினால் அது இன்னொருவரைப் பார்க்கும். எனவே எல்லாரும் பொறுப்புணர்வோடு அப்படியே இருந்தார்கள். தலைவர் மட்டும் இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டு, "பாவம், நல்ல பொண்ணு. யாருதான் அப்படிப் பண்ணினாங்களோ" என்றார்.

சாயங்காலம் வரை அந்த வெளிச்சத்திலேயே ரதிவோன் உட்கார்ந்திருந்தான். புகார்கள் வந்துகொண்டிருந்தன. கிரேன்காரரும் எழுதியிருந்தார், பழைய கேள்விதான்: நேராகப் பார்த்தேன், நேராக அடித்தேன், பட்டது, ஒரு கீறல் இல்லை, நிஜத்தில் இப்படி எங்காவது நடக்குமா, நடந்தால் எங்கே?

கவசத்தின் கோணத்தைக் கவனிக்கவும் என்று எழுத ஆரம்பித்து, அதை அழித்துவிட்டு, அந்தப் பிரிவின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஓர் ஊழியன் விளக்கு எரியும்போது தட்டச்சு செய்தான்.

"மதிப்புக்குரிய தளபதி, தங்கள் கேள்வியை இன்று மதியம் எங்கள் பிரிவு நேரிலேயே சோதித்துப் பார்த்தது. நாங்கள் எல்லாரும் நன்றாகத் தெரிந்தோம். எல்லார் மேலும் நேராகப் பட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தாங்கள் முகவரி கேட்டிருந்தீர்கள்: மின்ஸ்க், ஆறாம் மாடி."